விலைச் சீட்டும் ஓர் ஆளுயரக் கண்ணாடியும்

சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. வடமேற்கு லண்டனில், ஹாரோ பக்கத்துக் கடைத்தெருவில், வாரம் ஒருநாள் நான் தன்னார்வலராக நிற்கும் கடைக்கு யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்தார். கம்பளிக் கோட்டுகள் தொங்கும் வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். கருநீலக் கோட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். திரும்பி நின்று, தோளுக்கு மேலாக முதுகைப் பார்த்தார். கழற்றி மாட்டிவிட்டு இன்னொன்றை எடுத்தார். அரை மணி நேரம் போனது. கடைசியில் முதலில் எடுத்த அதே கோட்டுடன் கல்லாவுக்கு வந்தார். “பிள்ளை, இதிலை ஒரு பொத்தான் இல்லை. எவ்வளவு குறைப்பியள்?” என்றார். 8 பவுண்ட் போட்டிருந்தோம். ஏழுக்குக் கொடுத்தேன். “பொத்தான் வீட்டை கிடக்கு” என்று சொல்லிச் சிரித்தபடி போனார்.

அந்தக் கோட்டையே கோயில் மண்டபத்தில் ஒரு மூட்டையிலிருந்து உருவி அவர் கையில் நான் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருப்பார். அளவு சரியா என்று பார்த்திருக்க மாட்டார். பொத்தான் இல்லை என்பதை வீட்டுக்குப் போய்த்தான் கவனித்திருப்பார். கவனித்தாலும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். இலவசமாக வந்ததில் குறை சொல்லக் கூடாது என்று நாம் எல்லோருமே வளர்க்கப்பட்டிருக்கிறோம். ஏழு பவுண்ட் அவருக்கு வாங்கிக் கொடுத்தது கோட்டை மட்டுமல்ல. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பையும் சேர்த்துத்தான்.

பிரிட்டனில் இத்தகைய கடைகள் சுமார் 10,000 இருக்கின்றன. ‘சாரிட்டி ஷாப்’ என்பார்கள். மக்கள் தாங்கள் பயன்படுத்திய துணி, புத்தகம், பாத்திரம், பொம்மை ஆகியவற்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தன்னார்வலர்கள் தரம் பிரித்து, விலை ஒட்டி விற்பார்கள். லாபம் கடையை நடத்தும் தொண்டு நிறுவனத்துக்குப் போகும். பெரும்பாலான கடைகளில் சம்பளத்துக்கு இருப்பவர் மேலாளர் ஒருவர், மிஞ்சினால் உதவி மேலாளர் ஒருவர். மற்றவர்கள் என்னைப் போன்றவர்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் இந்தக் கடைகள் பெருகின. 1941இல் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் லண்டன் பழைய பாண்ட் தெருவில் ஒரு கடையைத் திறந்தது. 1942இல், நாஜிகளின் ஆக்கிரமிப்பில் பட்டினி கிடந்த கிரேக்க மக்களுக்கு உணவு அனுப்ப ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய குழுவே பின்னாளில் ஆக்ஸ்ஃபாம் ஆனது. போருக்குப் பிறகு துணி கேட்டு அவர்கள் விடுத்த வேண்டுகோளுக்குத் தேவைக்கு மேல் வந்து குவியவே, 1940களின் இறுதியில் பிராட் தெரு 17ஆம் எண் கட்டடத்தில் நிரந்தரக் கடை தொடங்கினார்கள். அந்த இடத்தில் ஆக்ஸ்ஃபாம் கடை இன்றும் இருக்கிறது. 1949இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஜோ மிட்டி, மக்கள் கொடுத்ததையெல்லாம் விற்றவர். உயிருள்ள கழுதை ஒன்றைக்கூட விற்றிருக்கிறார். இப்படி ஒரு கடை நடத்தலாம் என்பதை நாட்டுக்குக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

எங்கள் கடை ஒரு ஹாஸ்பிஸுக்குச் சொந்தமானது. நோய் இனித் தீராது என்று ஆனவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்துக்கு அடித்தளமிட்ட சிசிலி சாண்டர்ஸ், தெற்கு லண்டனின் சிடன்ஹாமில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தது 1967இல். நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. அரசு கொடுப்பது செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தை மக்கள் கொடுக்க வேண்டும்: உயில்கள், ஓட்டப் பந்தயங்கள், உண்டியல்கள், இந்தக் கடைகள். இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் சம்பளத்தில் ஒரு பகுதி நாங்கள் விற்கும் நாலு பவுண்ட் சட்டைகளிலிருந்து வருகிறது. கல்லாவில் நிற்கும்போது இதை நான் மறப்பதே இல்லை.

அரசும் வேறு வழியில் உதவுகிறது. கடைக்கான உள்ளாட்சி வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. துணி கொடுத்தவர் வருமான வரி கட்டுபவராக இருந்து ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால், அவர் பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸை அரசு சேர்த்துத் தருகிறது. அவர் பொருளை அவர் சார்பில் நாங்கள் விற்றோம், விற்ற பணத்தை அவர் நன்கொடையாகத் தந்தார் என்று கணக்கு எழுதுவார்கள். ஒவ்வொரு சட்டையிலும் அதற்கான பட்டைக் குறியீடு ஒட்டுவது என் வேலைகளில் ஒன்று.

வாடிக்கையாளர் பார்ப்பது முன்கடை. உண்மையான வேலை பின்னறையில் நடக்கிறது. பைகள் கூரைவரை அடுக்கியிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் முதலில் மூக்குக்குத்தான் வேலை: ஈரவாடை, பூச்சி உருண்டை, சிகரெட். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கம்பளியில் அந்துப்பூச்சி போட்ட ஓட்டை, அக்குளில் கறை, கழுத்துப் பட்டையில் அழுக்குக் கோடு, அறுந்த ஜிப். தேறியதை நீராவிக் கருவியால் சுருக்கம் எடுத்து, ஹேங்கரில் எல்லாக் கொக்கிகளும் ஒரே பக்கம் பார்க்கும்படி மாட்டி, அளவு வளையம் போட்டு, துப்பாக்கி போன்ற சிறு கருவியால் விலைச் சீட்டைக் குத்தி அனுப்புவோம். சீட்டில் வார எண் இருக்கும். சில வாரங்களுக்குள் விற்காவிட்டால் எடுத்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். குழந்தைகளுக்கான கார் இருக்கை, ஹெல்மெட் போன்றவற்றை விற்க மாட்டோம். ஒருமுறை அடிபட்டவை மறுமுறை காப்பாற்றுமா என்பது வெளியே தெரியாது.

தேறாதவை மூட்டையாகக் கட்டப்படும். அந்த மூட்டைகள் எத்தனை என்பதுதான் புதிதாகச் சேரும் எவரையும் முதல் நாளில் அதிரவைக்கும். கிழிந்த உள்ளாடை, ஒற்றைச் செருப்பு, பெயின்ட் அடித்தபோது கட்டிய வேட்டி போன்ற துணி, மழையில் இரவெல்லாம் கடை வாசலில் நனைந்து நாறிப்போன மெத்தை விரிப்பு. கொடுத்தவர் கெட்டவர் இல்லை. குப்பைத் தொட்டியில் போட மனம் வராமல் எங்கள் வாசலில் வைக்கிறார். அவர் மனச்சுமை இறங்குகிறது. அதை அப்புறப்படுத்தும் வேலையும் செலவும் ஹாஸ்பிஸின் தலையில் ஏறுகின்றன. இதைத் தானம் என்று என்னால் அழைக்க முடியவில்லை.

இறந்தவர்களின் பைகள் வேறு மாதிரி வரும். துவைத்து, மடித்து, சில நேரம் இஸ்திரி போட்டு. அம்மாவோ மனைவியோ எங்கள் இல்லத்தில் கண்மூடிய பிறகு, குடும்பத்தார் வந்து ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டுப் போவார்கள். சட்டைப் பைகளைத் துழாவிப் பார்ப்பது கட்டாயம். கைக்குட்டை, பஸ் அட்டை, பால், ரொட்டி, முட்டை என்று எழுதிய கடைப் பட்டியல். அவற்றை ஓர் உறையில் போட்டு வைப்போம். ஒருமுறை பெரியவர் ஒருவர், முந்தின நாள் கொடுத்த பைகளில் மனைவியின் பச்சை நிறக் கம்பளி மேல்சட்டையைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டேன் என்று வந்து நின்றார். அது அன்று காலையிலேயே விற்றுப்போயிருந்தது. வேகமாக வேலை செய்தோம் என்ற பெருமை எங்களுக்கு அந்த ஒரு நிமிடத்தில் போயிற்று. அதன் பிறகு அப்படி வரும் பைகளை இரண்டு வாரம் பிரிக்காமல் வைக்கிறோம். இடநெருக்கடி என்று மேலிடம் கேட்டபோதும் எங்கள் மேலாளர் விட்டுக்கொடுக்கவில்லை.

நம்மூரில் பழைய துணி எப்படிக் கைமாறுகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அண்ணன் சட்டை தம்பிக்கு, அக்காவின் தாவணி தங்கைக்கு என்று வீட்டுக்குள் சுற்றும். தெருவில் எவர்சில்வர் பாத்திரக்காரம்மா வந்தால் நாலு பேன்ட்டுக்கு ஒரு டிபன் பாக்ஸ் என்று பேரம் நடக்கும். இந்த இரண்டிலும் கூச்சம் இல்லை. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது மேலிருந்து கீழே மட்டும்தான் போகும்.

மதுரையில் எங்கள் வீட்டு வாசலைப் பெருக்க வந்த அக்காவுக்குத் தீபாவளிக்கு முன்பு அம்மா பழைய துணிகளைக் கொடுப்பார். அதில் என் பாவாடை ஒன்றும் போயிருந்தது. நான்காம் வகுப்பில், அந்த அக்காவின் மகள் அதை உடுத்திக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். “அது என் பாவாடை” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அடுத்த இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அந்தப் பாவாடையை அதன் பின் நான் பார்க்கவே இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும், யாராவது ஒரு பாவாடையைக் கையில் எடுத்து விலை கேட்டால் எனக்கு அந்த முகம் வருகிறது.

இது ஒரு சிறுமியின் துடுக்குத்தனம் மட்டும் அல்ல என்பது பிறகுதான் புரிந்தது. மனுநூலின் பத்தாம் அத்தியாயம், பணிசெய்யும் சூத்திரருக்குப் பழந்துணியும் எச்சில் உணவும் கொடுக்க வேண்டும் என்கிறது. சண்டாளர் என்று அது ஒதுக்கிவைத்தவர்களுக்குப் பிணத்தின் துணியை விதிக்கிறது. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் நடந்த மாநாட்டில் அம்பேத்கர் அந்த நூலை எரித்தார். அதே மாநாட்டையொட்டிப் பெண்களிடம் பேசியபோது, சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதமாகச் சேலை கட்டுவதை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். உடை யார் கொடுத்தது, யார் உடுத்தினால் என்ன அர்த்தம் என்பது நம் நாட்டில் ஒருபோதும் சாதாரணக் கேள்வியாக இருந்ததில்லை. ஆகவே பழந்துணி கொடுக்கும்போது கொடுப்பவர் மனம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் போதாது. கொடுக்கும் முறையும் மாற வேண்டும்.

கடை அதை மாற்றுகிறது. கொடுத்தவரும் எடுத்தவரும் சந்திப்பதில்லை. ‘அது என் பாவாடை’ என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அதே வரிசையில் வங்கி அதிகாரியும் துணி பார்க்கிறார், பழைய மோஸ்தரைத் தேடும் கல்லூரி மாணவியும் பார்க்கிறாள், மாதக் கடைசியில் பிள்ளைக்கு ஸ்வெட்டர் தேடும் தாயும் பார்க்கிறார். யார் எதற்காக வந்தார் என்று முகத்தில் எழுதியிருக்காது.

ஒருமுறை கடைக்கு ஒரு காஞ்சிப் பட்டும்கூட வந்தது. என்னோடு இருந்த ஆங்கிலேயப் பெண்மணி திரைச்சீலைத் துணி என்று நினைத்து வீட்டு உபயோகப் பொருட்கள் பக்கம் வைத்துவிட்டார். அரக்கு நிறம், முந்தானையில் ஒரு சாண் அகல ஜரிகை, மடிப்பில் மஞ்சள் கறை. கல்யாணப் புடவை. ஆறு கெஜத்தையும் மேசையில் விரித்து, எது உடல், எது முந்தானை, கரை எப்படித் தனியாகக் கோக்கப்படுகிறது என்று நான் சொல்ல, அன்று பின்னறையில் ஒரு மணி நேரம் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

யார் அந்த எல்லோரும்? வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பாதி. இளைஞர்களுக்கான எடின்பரோ கோமகன் விருதுக்காகத் தொண்டு நேரம் சேர்க்க வரும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் சிலர். நோயிலிருந்து எழுந்து, முழு வேலைக்குப் போகும் முன் பழகிப்பார்க்க வருபவர்கள். புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர்கள்.

இந்தக் கடைசிப் பிரிவினரைப் பற்றித் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்; அவர்களில் நம்மவர்களும் உண்டு. புகலிட மனு நிலுவையில் இருக்கும்வரை பிரிட்டனில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. ஓராண்டு கடந்தால் அனுமதி கேட்கலாம்; கிடைத்தாலும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே. சமையல் செய்துகொள்ளும் இடத்தில் தங்கியிருப்பவருக்கு 2024இல் அரசு கொடுத்தது வாரத்துக்கு 49.18 பவுண்ட். தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலராக இருக்க மட்டும் தடையில்லை. எங்கள் கடையில் வவுனியாவைச் சேர்ந்த தம்பி ஒருவர் பதினான்கு மாதம் இருந்தார். முதல் வாரம் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. ஆங்கிலம் வராது என்ற அச்சம். மூன்றாம் மாதம் கல்லாவில் நின்றார். “அக்கா, இஞ்சை வந்தாத்தான் நான் ஒரு ஆள் எண்டு தெரியுது” என்று ஒருநாள் சொன்னார். நாள் முழுக்க அறைக்குள் இருந்து கடிதத்துக்காகக் காத்திருப்பவருக்கு, காலை ஒன்பது மணிக்குத் தன்னை எதிர்பார்க்க ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிது என்பதை அவரிடம்தான் கற்றேன்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: விரும்பி வந்திருக்க வேண்டும். 2011இல் பிரிட்டன் அரசு கட்டாய வேலைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வேலையில்லாதோர் உதவித்தொகை பெறுபவர்களை வாரம் 30 மணி நேரம்வரை, நான்கு வாரம், சம்பளமின்றி வேலை பார்க்கச் சொன்னார்கள். மறுத்தால் உதவித்தொகை நிறுத்தப்படும். பலர் தொண்டுக் கடைகளுக்கு அனுப்பப்பட்டனர். எதிர்ப்புக் கிளம்பியது. ஆக்ஸ்ஃபாம் உள்ளிட்ட சில நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. அவர்கள் செய்தது சரி. பட்டினியைக் காட்டி வாங்கும் உழைப்பைத் தொண்டு என்று சொல்லிக்கொண்டால், பக்கத்தில் நின்று மனதார உழைப்பவரின் தொண்டும் அசிங்கப்படும்.

விலையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழைய துணி இப்போது நாகரிகமாகிவிட்டது. கைபேசிச் செயலிகளில் மறுவிற்பனை செய்பவர்கள் காலையில் கடை திறந்ததுமே வந்து நல்ல பிராண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். நல்ல துணி வைத்திருப்பவர்களும் கொடுப்பதைவிடச் செயலியில் விற்கிறார்கள். எங்களுக்கு வருவதில், பத்துத் துவையலில் உருக்குலையும் மலிவுத் துணி கூடிக்கொண்டே போகிறது. ஆகவே நல்லது வந்தால் கூடுதல் விலை போடுங்கள் என்கிறது தலைமை அலுவலகம். ஹாஸ்பிஸுக்குப் பணம் வேண்டுமே என்பது நியாயம். 12 பவுண்ட் போட்ட பள்ளிக் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மெல்ல மாட்டிவிட்டுப் போகும் தாயும் நியாயம். இந்தக் கடைகள் ஏழைகளுக்குத் துணி கொடுக்க ஏற்பட்டவை அல்ல, நிதி திரட்ட ஏற்பட்டவை என்று மேலாளர்களுக்கான பயிற்சியில் சொல்கிறார்கள். சட்டப்படி அது சரி. எனக்கு அது போதவில்லை. குழந்தைத் துணிக்கும் குளிர்காலக் கோட்டுக்கும் விலை வரம்பு ஒன்று வேண்டும் என்று கூட்டம்தோறும் கேட்கிறேன். குழந்தைத் துணிக்கு ஒப்புக்கொண்டார்கள். கோட்டுக்கு இன்னும் இல்லை.

தேறாத மூட்டைகள் எங்கே போகின்றன? பழந்துணி வியாபாரி எடைக்கு எடுத்துக்கொள்கிறார். கிலோவுக்குச் சில பென்ஸ். அங்கிருந்து கப்பலேறுகின்றன. ஒரு பகுதி ஆப்பிரிக்கச் சந்தைகளுக்குப் போகிறது. கானாவின் அக்ராவில் உள்ள கன்டமான்டோ சந்தை அதில் பெரிய ஒன்று. 2025 ஜனவரி தொடக்கத்தில் தீப்பிடித்து அதன் பெரும்பகுதி அழிந்தது. இன்னொரு பகுதி குஜராத்தின் கண்ட்லா துறைமுகத்துக்கும் ஹரியாணாவின் பானிபட்டுக்கும் போகிறது. பானிபட்டில் கம்பளித் துணிகளைக் கிழித்து, நிறவாரியாகப் பிரித்து, மீண்டும் நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். பேரிடர் நிவாரணத்துக்கு வழங்கப்படும் மலிவான போர்வைகளில் பல அங்கே உருவாகின்றவை. அந்த ஊர்த் தொழிலாளிப் பெண்களைப் பற்றி மேக்னா குப்தா 2012இல் ‘அன்ராவல்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். இவ்வளவு நல்ல துணியை ஏன் வீசுகிறார்கள் என்று அந்தப் பெண்கள் யோசிக்கிறார்கள்; அந்த நாடுகளில் தண்ணீர் விலை அதிகமோ, துவைக்க வசதியில்லாமல் போட்டுவிடுகிறார்களோ என்று பேசிக்கொள்கிறார்கள். படத்தைப் பார்த்த மறுவாரம் பின்னறையில் மூட்டை கட்டியபோது என் கை தயங்கியது. நான் ‘தேறாது’ என்று தள்ளும் ஒவ்வொன்றும் இன்னொரு பெண்ணின் மடியில் போய் விழுகிறது.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்குச் சாலையோரத் துணிக் குவியல்கள் நினைவிருக்கும். நாடெங்கும் இருந்து லாரிகளில் வந்து கொட்டப்பட்டவை. கடற்கரைப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத வகை உடைகள், கிழிசல்கள், கம்பளிகள். வீடு இழந்த மக்கள் அவற்றைத் தொட மறுத்தபோது, நன்றியில்லாதவர்கள் என்று பேசியவர்களும் இருந்தார்கள். அந்தக் குவியல்களைச் சேகரித்து, பிரித்து, பயன்படுத்தும் பெரும் வேலையைக் கையிலெடுத்தது கூன்ஜ் அமைப்பு. 1999இல் டெல்லியில் அதைத் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. கூன்ஜ் துணியைச் சும்மா கொடுப்பதில்லை. கிராமத்து மக்கள் கிணறு வெட்டுகிறார்கள், பாதை போடுகிறார்கள், குளம் தூர்வாருகிறார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி பெறுகிறார்கள். ஹாரோவில் ஏழு பவுண்ட் செய்வதை அங்கே மண்வெட்டி செய்கிறது.

நெல்லையில் 2017இல் தொடங்கி வேறு ஊர்களுக்கும் பரவிய ‘அன்புச் சுவர்’ முயற்சியை நான் மதிக்கிறேன். வேண்டாதவர் வைக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம். ஆனால் திறந்த தெருவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, ஒரு பெண் அங்கே நின்று ஜாக்கெட் அளவு பார்க்க முடியுமா? பிரித்து, துவைத்து, தேறாததை அன்றாடம் அகற்ற ஆள் இல்லாத சுவர், சில மாதங்களில் சாலையோரக் குவியலாகிவிடும்.

நம்மூரில் கடைதான் வேண்டும் என்கிறேன். அதன் லாபம் போய்ச் சேர இங்கும் வலிதணிப்புப் பணி இருக்கிறது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்து மக்களின் சிறு நன்கொடையாலும் நேரத்தாலும் வளர்ந்தது. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே சென்று செய்யும் வலிதணிப்புப் பராமரிப்பு இருக்கிறது. இந்தப் பணிக்கு அரசுப் பணம் மட்டும் போதுவதில்லை. ஊருக்கு ஒரு கடை, பத்துத் தன்னார்வலர்கள், முப்பது ரூபாய்ச் சட்டை, இருநூறு ரூபாய்ப் புடவை; வரும் லாபம் படுக்கையில் கிடப்பவரின் மருந்துக்கு. இறந்தவர் துணியை நம்மவர்கள் வாங்குவார்களா என்று கேட்கிறார்கள். யாருடையது என்று தெரியாதபோது வாங்குவார்கள் என்றே நினைக்கிறேன். ஹாரோவில் நம்மவர்கள் வாங்குகிறார்கள்.

மதுரையில் என் தங்கையும் அவள் தோழிகள் நால்வரும் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்த இரண்டு இடங்களில் ஒன்றுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. இன்னொன்றின் உரிமையாளர், பழைய துணிக் கடைக்கு விடுவதா என்று தயங்குகிறார். பங்குனிக்குள் முடித்துவிடலாம் என்கிறாள் தங்கை. முதல் செலவாக ஓர் ஆளுயரக் கண்ணாடியும், உடுத்திப் பார்க்கத் திரை போட்ட ஒரு மூலையும் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.